வெட்டும் திசை

பேத்தாலஜி துறையில் திசுவை அறுத்தெடுக்கும் கிராசிங் மேசைக்கு வரும் எலும்புத் துண்டு பெரும்பாலும் ஒரு விரல்கணு அளவுகூட இருப்பதில்லை. கருவிலேயே இறந்த சிசுவின் தொடையெலும்பு நுனியாக இருக்கலாம், விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடமாக இருக்கலாம், சில சமயம் ஒரு முள்ளெலும்பு. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, சுண்ணாம்பை நீக்கி, மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றித் தருகிறவர்கள் அங்குள்ள டெக்னீஷியன்கள். மருத்துவ அறிக்கையில் அவர்கள் பெயர் வராது. மருத்துவக் கல்லூரி ஒன்றின் திசு ஆய்வகத்துக்கு நான் ஒரு கேள்வியோடு போனேன்: மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிற காலத்தில் குருத்தெலும்பை வெட்டிப் பார்க்க என்ன தேவை? அங்கே பார்த்ததையும் இத்துறையின் வரலாற்றையும் சேர்த்துவைத்து யோசித்தபோது எனக்குக் கிடைத்த பதில் இது: குழந்தைகளின் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளைப் பற்றி மருத்துவம் செய்த பெரிய தவறுகளில் சில இப்படிப்பட்ட மேசையில்தான் நடந்தன, அவை திருத்தப்பட்டதும் இங்கேதான். ஸ்லைடு எவ்வளவு நம்பத்தக்கது என்பது அதைச் செய்த கையைப் பொறுத்தது. அந்தக் கையை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை.

எலும்பின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே இருக்கும் குருத்தெலும்புப் படலம்தான் வளர்ச்சித் தட்டு. முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் தட்டு ஒன்று மட்டுமே வளரும் குழந்தைக்கு ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. உயரம் கூட்டுகிறது. நல்ல ஸ்லைடில் அதன் அமைப்பு நேர்த்தியானது. மேலே ஓய்ந்திருக்கும் செல்கள் சிதறலாகக் கிடக்கும். அவற்றின் கீழே பிளந்து பெருகும் செல்கள் காசுகளை அடுக்கிவைத்ததுபோல் நெடுவரிசையாக நிற்கும். அதற்கும் கீழே அதே செல்கள் பல மடங்கு ஊதிப் பெருத்திருக்கும். பிறகு சுண்ணாம்பு படிந்து, ரத்தக் குழாய்கள் நுழைந்து, எலும்பாக மாறும் விளிம்பு வரும். நோய் எங்கே என்பதை இந்த வரிசை குலைந்திருக்கும் விதத்தில் படிக்கிறார்கள். ரிக்கெட்ஸில் கடைசிக் கட்டம் முடியாமல், பெருத்த செல்களின் பகுதி நீண்டுகொண்டே போகும். இத்தனையும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: எலும்பின் நீளப்போக்கிலேயே கத்தி இறங்கியிருக்க வேண்டும். எம்பெடிங் செய்யும் டெக்னீஷியன் உருகிய மெழுகுக்குள் அந்தச் சிறு துண்டை இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். துண்டு சாய்ந்து படுத்துவிட்டால் நெடுவரிசைகள் குறுக்கே வெட்டப்பட்டு, செல்கள் சிறு சிறு கும்பல்களாகச் சிதறித் தெரியும். கடுமையான குருத்தெலும்புக் கோளாறுகளில் காணப்படும் குலைவும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆரோக்கியமான தட்டு ஒன்றின் மீது நோயை எழுதிவிட ஒரு சாய்வு போதும். மெழுகு உறையும் சில விநாடிகளில் அவர் கை எடுக்கும் முடிவைப் பின்னால் எந்த நுண்ணோக்கியாலும் மாற்ற முடியாது. அதற்குப் பிறகும் பாடு தீர்வதில்லை. ஐஸ் ட்ரேயில் குளிர்ந்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்ற, மெழுகு ரிப்பனாக இறங்குகிறது. அதைப் பிரஷ்ஷால் ஏந்தி வாட்டர் பாத்தில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியில் வாரி எடுக்கிறார்கள். குருத்தெலும்பு மற்ற திசுக்களைப் போலக் கண்ணாடியோடு ஒட்டாது. சாயத் தொட்டிகளில் முக்கி எடுக்கும்போது கழன்று போய்விடும். பூச்சு தடவிய ஸ்லைடுகளை இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறார்கள்.

கையாளும் முறை அறிவையே திசைமாற்றியதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. பெருத்த செல்களைப் பற்றிப் பாடநூல்கள் நெடுங்காலம் ஒரே கதையைச் சொல்லின: அவை சீரழிந்து சுருங்கிச் சாகும் செல்கள், அவற்றைச் சுற்றித் தெரியும் வெற்றிடம் அந்தச் சாவின் அடையாளம். அந்த வெற்றிடத்தை உண்டாக்கியது ஃபார்மலின்தான். வழக்கமான நிலைநிறுத்தத்தில் செல்லைச் சுற்றியுள்ள புரோட்டியோகிளைக்கான் கரைந்து வெளியேறுகிறது, செல் தன் குழியின் சுவரைவிட்டு உள்ளே சுருண்டுகொள்கிறது. 1980-களில் எர்ன்ஸ்ட் ஹுன்சிக்கரும் அவரோடு பணியாற்றியவர்களும் ருத்தேனியம் ஹெக்சமைன் சேர்த்தும், உயர் அழுத்தத்தில் உறையவைத்தும் அதே தட்டைப் பதப்படுத்திப் பார்த்தபோது, பெருத்த செல் குழி முழுவதையும் நிறைத்துக்கொண்டு, உள்ளுறுப்புகள் குலையாமல், சுறுசுறுப்பாக வேலை செய்யும் செல்லாகவே தெரிந்தது. எலும்பின் நீளத்தில் பெரும்பங்கைத் தருவதே அந்தச் செல் ஊதிப் பெருப்பதுதான் என்று பிறகு தெளிவாயிற்று. பல தலைமுறை ஆய்வாளர்கள் சாவு என்று பார்த்தது ஒரு திரவத்தின் வேலையை.

குள்ளத்தன்மைக்கான காரணங்களில் மிகவும் பரிச்சயமானது அகோண்ட்ரோபிளேசியா. அதிலும் வளர்ச்சித் தட்டு தாறுமாறாகக் குலைந்திருக்கும் என்றுதான் ஒரு காலத்தில் எழுதினார்கள். உண்மையில், அப்படி எழுத ஆதாரமாக இருந்த, பிறந்தவுடன் இறந்த சிசுக்கள் பலவற்றுக்கு இருந்தது வேறொரு நோய். மாரோட்டோவும் அவரது சகாக்களும் 1967-இல் அதை தானட்டோஃபோரிக் டிஸ்பிளேசியா என்று பிரித்துக் காட்டினார்கள். 1970-இல் டேவிட் ரிமோயினும் குழுவினரும் அகோண்ட்ரோபிளேசியா உள்ளவர்களின் குருத்தெலும்பை வெட்டிப் பார்த்து, அங்கே வரிசைகள் ஒழுங்காகவே இருக்கின்றன என்று வெளியிட்டார்கள். வேகம் குறைந்திருக்கிறது, முறை கெடவில்லை. அந்த நோய்க்குக் காரணமான எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றம் தெரியவந்தது 1994-இல். தானட்டோஃபோரிக் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. ஒரே மரபணு ஓரிடத்தில் வரிசையைக் குட்டையாக்கி விட்டுவிடுகிறது, இன்னோரிடத்தில் வரிசையையே அழித்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஸ்லைடு மரபணுவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே காட்டிவிட்டது. சூடோஅகோண்ட்ரோபிளேசியாவிலும் இதுவே நடந்தது. குருத்தெலும்புச் செல்லுக்குள், புரதம் உருவாகும் அறைகள் வீங்கி, அடுக்கடுக்காக ஏதோ ஒரு பொருள் தேங்கியிருப்பதை 1970-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். மடிப்புக் கெட்டு வெளியேற முடியாமல் நின்ற ‘காம்ப்’ என்ற புரதத்தின் மரபணு 1995-இல் கிடைத்தது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ அந்தத் துண்டுகளைச் சீவியவர்களை யாரும் நினைவுகூர்வதில்லை.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. இப்போது ஒரு சொட்டு ரத்தத்தில் விடை கிடைக்கிறது. எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளின் சர்வதேசப் பட்டியல் 2023-இல் 771 நோய்நிலைகளையும் 552 மரபணுக்களையும் கொண்டது. இவ்வளவையும் ஸ்லைடால் பிரித்தறிய முடியாது. உண்மை. பல கோளாறுகளில் தட்டு காட்டும் மாற்றம் பொதுவானது, எந்த நோயென்று அது பெயர் சொல்லாது. உயிரோடு இருக்கும் குழந்தையின் எலும்பை நோயறிதலுக்காக மட்டும் வெட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். எக்ஸ்ரேயும் மரபணுச் சோதனையும் போதுமான இடத்தில் கத்தி வேண்டாம். ஆனால் மரபணு அறிக்கையும் எப்போதும் தெளிவாகப் பேசுவதில்லை. ‘பொருள் நிச்சயமற்ற மாற்றம்’ என்று ஒரு வரியோடு அது நின்றுவிடும் நேரங்கள் நிறைய. அந்த மாற்றம் உண்மையிலேயே குருத்தெலும்பைக் கெடுத்திருக்கிறதா என்பதற்குச் சாட்சி திசுவில்தான் இருக்கிறது. அகோண்ட்ரோஜெனசிஸ் என்ற கொடிய கோளாறை எடுத்துக்கொள்வோம். 1பி வகையில் செல்லைச் சுற்றிக் கொலாஜன் வளையம் வளையமாகத் திரண்டிருக்கும், கந்தகச் சேர்க்கை குறைந்ததால் தளப்பொருள் சாயத்தைச் சரியாக ஏற்காது. இரண்டாம் வகையில் ரத்தக் குழாய்க் கால்வாய்கள் மலிந்து, செல்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். முதலாவது, பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது; அடுத்த கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டாவது பெரும்பாலும் புதிதாகத் தோன்றும் மாற்றம். மறுபடி வரும் வாய்ப்பு சிறியது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கும் நம் ஊரில், ஒரு சிசுவை இழந்து நிற்கும் தாய்க்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. கருப்பையிலேயே சில நாள் இறந்து கிடந்த சிசுவின் உள்ளுறுப்புகள் நைந்துபோயிருக்கும், செல் வளர்ப்புச் சோதனையும் பெரும்பாலும் கைகூடாது. குருத்தெலும்பு தாங்கி நிற்கும், படிக்கவும் முடியும்.

மரபணுவும் ஸ்லைடும் போட்டியாளர்கள் என்ற எண்ணமே சுண்ணாம்பு நீக்கும் டீகால் பாட்டில்களின் முன்னால் நிற்கும்போது கரைந்துவிடுகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்பை நீக்க இரண்டு வழி. நைட்ரிக் அமிலம் போன்ற வலுவான அமிலத்தில் போட்டால் சிறு துண்டு ஓரிரு நாளில் வளையும். ஆனால் உட்கரு சாயத்தை ஏற்காமல் வெளிறிப்போகும், டிஎன்ஏ சிதையும். இடிடிஏ கரைசலில் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். திரவத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சுண்ணாம்பு தீர்ந்ததா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பலன், உட்கரு தெளிவாகச் சாயம் ஏற்கும்; அதே பிளாக்கிலிருந்து பின்னொரு நாள் டிஎன்ஏ எடுக்கும் வாய்ப்பும் மிஞ்சும். பிரசவத்தின்போதோ கர்ப்பம் கலைந்தபோதோ மரபணுச் சோதனைக்குப் பணமோ மனநிலையோ இல்லாமல் போன குடும்பம், அடுத்த கர்ப்பத்தின்போது திரும்பி வந்தால் மிச்சமிருப்பது அந்த மெழுகுக் கட்டி ஒன்றுதான். மரபணு ஆய்வின் கதவு திறந்திருக்குமா என்பதை, எந்தப் பாட்டில் என்று தேர்ந்தெடுத்த டெக்னீஷியன் அன்றே தீர்மானித்துவிட்டார்.

இயந்திரம் வந்துவிட்டதே என்பது அடுத்த ஆட்சேபம். திசுவைப் பதப்படுத்தும் கருவிகள் இரவெல்லாம் தாமாகவே ஓடுகின்றன, சாயமும் இயந்திரமே ஏற்றுகிறது, படத்தைக் கணினி படிக்கும் என்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் கோணலாக வெட்டிய தட்டைக் கணினியும் கோணலாகவே படிக்கும். வோசோரிடைடு என்ற மருந்து இதை யோசிக்கவைக்கிறது. சிஎன்பி என்ற பொருள் எலிகளின் குட்டையான வளர்ச்சித் தட்டை மறுபடி நீளவைத்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். சான்றுகளில் ஒன்று, வெட்டி அளந்த குருத்தெலும்பு. அந்த வழியில் உருவான மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் அகோண்ட்ரோபிளேசியா குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுக்குச் சராசரியாக 1.57 செ.மீ. கூட்டியது, 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வளர்ச்சித் தட்டைக் குறிவைக்கும் மருந்து இனி எது வந்தாலும் விலங்குகளின் தட்டை வெட்டி அளந்தாக வேண்டும். அளவின் நேர்மை வெட்டின் நேர்மையில் இருக்கிறது. எலும்பு வேலை வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே வரும் ஆய்வகத்தில் இந்தக் கை பழகாது; ஆகவே இத்தகைய மாதிரிகளை மண்டலத்துக்கு ஓரிடமாகக் குவித்து, அங்குள்ளவர்களுக்கு எலும்பு வேலையில் தனிப் பயிற்சி கொடுப்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

டீகால் பாட்டில்களின் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டில் எண், தேதி, திரவத்தின் பெயர் மூன்றும் இருக்கின்றன. அறிக்கையில் அவற்றில் எண் மட்டுமே போகிறது. எந்தத் திரவம், எத்தனை நாள், எலும்பின் எந்தப் போக்கில் வெட்டியது, வெட்டியவர் யார் என்று ஒரு வரி சேர்க்கச் செலவேதும் இல்லை. பத்தாண்டு கழித்து அந்த பிளாக்கை அலமாரியிலிருந்து எடுப்பவர் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.