கொத்தை விடாமல் மைதாவை விட்ட கதை

கொத்து புரோட்டாவின் ருசி மைதாவில் இல்லை. சால்னாவில் இருக்கிறது, சோம்பும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரியும் வாசனையில் இருக்கிறது, சூடான கல்லில் முட்டையும் வெங்காயமும் மசாலாவும் ஒன்றோடொன்று கொத்துப்பட்டுச் சேர்வதில் இருக்கிறது. இது புரிந்த பிறகு, கொத்தை விடாமலே எங்கள் வீட்டில் மைதாவை விட முடிந்தது. அதற்குக் கை கொடுத்தது கல்வராயன் மலையின் சாமை.

கள்ளக்குறிச்சியில் பொழுது சாய்ந்ததும் துருகம் சாலையிலும் சேலம் சாலையிலும் புரோட்டாக் கல் சூடேறிவிடும். மாஸ்டரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரோட்டா எப்படி உருவாகிறது என்று தெரியும். எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவை உருண்டை பிடித்து, மேலும் எண்ணெய் ஊற்றி ஊறப் போடுவார். ஊறிய உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவிய மேடையில் வீசி, துணி போல மெலிதாக்கி, மடித்துச் சுருட்டி வைப்பார். கல்லில் போட்டதும் சுற்றிலும் மறுபடி எண்ணெய். வெந்த புரோட்டாக்களை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடித்தால் அடுக்கு பிரியும். அதைப் பிய்த்துப் போட்டு, முட்டை உடைத்து, சால்னா ஊற்றிக் கொத்துவதுதான் கொத்து புரோட்டா. ஆக, தட்டுக்கு வருவதற்குள் அதில் நான்கு இடத்தில் எண்ணெய் சேர்ந்துவிடுகிறது. சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனிக் கணக்கு.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருக்கும் கருணாபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கூலிக்கு வெயிலில் நிற்கிறவர்கள் நிறைய. நாள் முழுக்க உழைத்த உடம்பு ராத்திரியில் காரமாக, சூடாக, வயிறு நிறைய ஏதாவது கேட்கும். ஒரு பொட்டலம் கொத்து அந்தப் பசிக்குச் சரியான பதில். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே கொத்தை, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்த பிறகும் வாரத்தில் பாதி நாள் சாப்பிட முடியுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பிக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிடும் வயதை நெருங்குகிறான். "எதை வேணா நிறுத்துக்கா, கொத்த மட்டும் கேக்காத" என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அம்மாவோ வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவன் பிரிக்கும் வாழை இலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் ஒருவர் சாப்பிட இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இருவரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிடக்கூடிய கொத்து வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நம் நாட்டில் மைதா ஒன்றும் பழைய சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் கோதுமை தமிழ்நாட்டுத் தட்டுக்கு வந்தது. பிறகு, 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. புரோட்டா ஊர் ஊராகப் பரவியதற்கு இவையெல்லாம் துணை நின்றன. கொத்தும் ஒரே உருவில் நின்றுவிடவில்லை. இலங்கைத் தமிழர்களிடம் கொத்து ரொட்டி உண்டு, ரொட்டிக்குப் பதில் இடியாப்பத்தை உதிர்த்துப் போடும் இடியாப்பக் கொத்தும் உண்டு. இடியாப்பத்தில் வருமென்றால் சேமியாவிலும் வரும். அங்கிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது.

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயனில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்து வந்திருக்கிறார்கள். ஆடி மழையை நம்பி வளரும் பயிர் சாமை. தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை, சரிவு நிலத்திலும் வரும். அந்தச் சாமை மாவில் செய்த சேமியா இப்போது டவுன் கடைகளிலேயே கிடைக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். நூறு கிராம் சாமையிலும் நூறு கிராம் மைதாவிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 350 பக்கம் வரும். சாமை என்று பெயர் வைத்த உடனே சாப்பாடு இலேசாகிவிடாது. வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. மைதாவில் தவிடும் முளையும் நீங்கிவிடுகின்றன. சாமையில் நார்ச்சத்து அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. கலோரி குறைவது எண்ணெயைக் குறைப்பதால்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. நான்கு இடத்தில் ஊற்றுவதை ஒரே இடத்தில் நிறுத்தினால் கணக்கே மாறிவிடும்.

சேமியா வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் முன்பக்கம் பெரிதாகச் சாமை என்று போட்டிருக்கும், பின்பக்கம் கோதுமை மாவோ மைதாவோ முதலில் இருக்கும். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. சாமை முதலில் வரும் பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

நான்கு பேருக்கு 200 கிராம் சேமியா போதும். உப்புப் போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, வடித்து, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவிட்டு, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு கிளறினால் குழைந்துவிடும். சால்னாவுக்கு முந்திரியும் நிறையத் தேங்காயும் வேண்டாம். ஒரு கைப்பிடிப் பொட்டுக்கடலை, இரண்டு பத்தைத் தேங்காய், சோம்பு, கசகசா சேர்த்து அரைத்தாலே கெட்டியாக வரும். பட்டை, கல்பாசி, தக்காளி எல்லாம் வழக்கம் போலத்தான். அவற்றில் கை வைக்கக் கூடாது, ருசி அங்கேதான் இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் கொஞ்சம் உப்புப் போட்டு மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். அதற்கு ஒரு கரண்டி எண்ணெய் போதும்.

கொத்துவதற்கு இரும்புத் தோசைக்கல். இன்னொரு கரண்டி எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய கோஸ், கேரட், பீன்ஸ் போட்டு, பெருந்தீயில் வதக்கி, மூன்று முட்டை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, இரண்டு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பால் கொத்த வேண்டும். சேமியாவை இதில் போட்டுக் கொத்தக் கூடாது. கொத்தினால் உப்புமா ஆகிவிடும்.

மேல்நாட்டில் பாஸ்தாவை அடுக்கடுக்காக வைத்துக் குழம்பு ஊற்றி ஓவனில் சுடுகிறார்கள். நம் வீட்டில் ஓவன் இல்லை, தம் இருக்கிறது. அடி கனமான பாத்திரத்தில் ஒரு அடுக்கு சேமியா, அதன்மேல் கொத்திய முட்டைக் கலவை, ஒரு கரண்டி சால்னா, மறுபடி சேமியா என்று அடுக்கி, மேலே மல்லித்தழை தூவி, இறுக மூட வேண்டும். தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றி, சிறு தீயில் பத்து நிமிடம். சால்னாவைச் சேமியா உறிஞ்சிக்கொள்ளும். அடி அடுக்கு பொன்னிறத்தில் முறுகிப் பிடிக்கும். புரோட்டாவின் மொறுமொறுப்பு தரும் திருப்தியை அந்த முறுகல் தருகிறது. சுரண்டி எடுத்துத் தட்டின் மேலே போட்டுக் கொடுங்கள்.

தம்பி முதல் வாய் வைத்துவிட்டு, "புரோட்டா இல்லன்னு தெரியுது. ஆனா கொத்துதான்" என்றான். அந்தத் தீர்ப்பு எனக்குப் போதும். மைதாவின் இழுவை இதில் கிடையாது. அதைச் சாமையிடம் எதிர்பார்க்கவும் கூடாது. சூடும் காரமும் சால்னா ஊறிய மிருதுவும் குறையவில்லை. சாமையானாலும் மாவுச்சத்துதான் என்பதால் அம்மாவுக்கு அளவாகத்தான் வைக்கிறோம், காய் கூடுதலாக இருக்கும்படி. ஆனாலும் அவர் எங்களோடு உட்கார்ந்து, அதே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார். கடைக் கொத்தை நாங்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை. நல்ல நாளில் வாங்குகிறோம், ரசித்துச் சாப்பிடுகிறோம். மற்ற நாளுக்கு இது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கல்வராயனில் சாமை விளைந்த பல சரிவுகளில் இன்று மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. மரவள்ளியை வாங்க ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. சாமையை வாங்க நாம்தான் இருக்கிறோம். கடினமான தோல் கொண்ட அந்தச் சிறு மணியை விதைத்து, அறுத்து, தோல் நீக்கிக் கீழே அனுப்புகிறவர்களுக்கு நம் பேச்சால் பயனில்லை, வாங்கினால்தான் பயன். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது, நாமும் கொண்டாடினோம். ஆண்டு முடிந்துவிட்டது. மலை அங்கேயே இருக்கிறது. கொத்து வாங்கக் கிளம்பும் நாட்களில், வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பாக்கெட் சாமைச் சேமியா வாங்கி வந்து இப்படிச் செய்து பாருங்கள்.