28 மில்லிமீட்டர் ஆட்கள்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் நண்பன் ஒரு தார்ப்பாய்க்கு முன்னால் குந்தியிருந்தான். உடைந்த வானொலி, கைப்பிடி போன குடைகள், பித்தளைக் குழாய்கள் எல்லாவற்றையும் விலக்கி, பழைய கணினியிலிருந்து கழற்றிய அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்தான். சூட்டைத் தணிக்க வரிவரியாகத் தகடு வைத்தது. “இது மின்நிலையம் மச்சான்” என்றான். கூடவே ஒரு ஷாம்பு மூடி, தீர்ந்துபோன மாத்திரை அட்டை நான்கு. பேரம் பேசி ஐந்து ரிங்கிட். அன்று சாயங்காலம் நாங்கள் சண்டை போடப் போகிற கிரகத்தில் பாதி அந்தப் பையில் வந்துவிட்டது.

அவன் வீடு ஜெலுத்தோங்கில். வேலை பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலை ஒன்றில். 1972இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டிருக்கிறது. பதினேழு வருடமாக நுண்ணோக்கி வழியாகக் குறை தேடிய கண் அவனுடையது. அந்தக் கண்ணும் நடுங்காத கையும் வேலை முடிந்து வந்த பிறகு பின்னறை மேசையில் இன்னொரு தொழில் பார்க்கின்றன. பொழுதுபோக்கு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேசையில் ஒரு பெண் வீராங்கனை நின்றாள். குறிபார்த்துச் சுடுபவள், கையில் நீளத் துப்பாக்கி. காலிலிருந்து கண்வரை 28 மில்லிமீட்டர், என் கட்டைவிரலின் பாதி. கையில் வாங்கியதும் அந்தக் கனம் எதிர்பாராதது. மேசையில் ஆடும் போர் ஆட்டங்களுக்கு இப்போது வரும் பொம்மைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். இவள் உலோகம். பழைய நாள்களில் காரீயம் கலந்து வார்த்தார்கள். அது நஞ்சு என்பதால் பிறகு வெள்ளீயமே பெரும்பங்கானது. 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் இந்த ஈயம், ரப்பர் அச்சுக்குள் முகச் சுருக்கம்வரை ஓடி நிறையும். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் இந்தத் தீவுக்கு வந்து, டத்தோ கிராமாட் சாலை உருக்காலையில் உருகி, துறைமுகத்தில் கப்பலேறிய காலம் உண்டு. அந்த ஊரில் உட்கார்ந்து ஈயப் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அவன் அதைக் கேட்டுத் தலையாட்டினான். “ஆனா ஈயத்துல வர்ணம் சீக்கிரம் தெறிக்கும். கீழ போடாத” என்றான்.

முதல் பூச்சை எல்லாரும் ஸ்ப்ரே டப்பாவால் அடிப்பார்கள். பினாங்கின் ஈரக் காற்றில் அது மணல் தூவினாற்போல் சொரசொரத்துவிடும். ஆகவே இவன் அதையும் தூரிகையால்தான் பூசுகிறான். ஒட்டுவதற்கும் இதே பாடு: சூப்பர் குளூ ஈரத்தில் பட்டென்று இறுகி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். வர்ணத்தை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் அச்சில் வந்த முகச் சுருக்கம் மூடிப்போய்விடும். பிறகு பழுப்பு மையை மேலே விட்டால் அது தானே மடிப்புகளில் இறங்கித் தங்கும். உடையில் நிழல் விழுந்துவிடும். கடைசியாக, துடைத்துத் துடைத்து ஏறக்குறைய உலர்த்திய தூரிகையால் மேடான இடங்களை மட்டும் வருடுகிறான்.

கண்ணை மட்டும் அவன் எல்லாரையும்போல் செய்வதில்லை. மற்றவர்கள் முகத்துக்கு நிறம் கொடுத்த கையோடு கண்ணை வரைந்துவிடுவார்கள். பிசகினால் தோல் நிறத்தால் அழித்துக்கொள்ளலாம். இவனுடைய தாய்மாமா கோயில் சுதை உருவங்களுக்கு வர்ணம் பூசியவர், கண் கடைசியில்தான் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தவர். இவனும் கடைசியில்தான் திறக்கிறான். பிசகினால் பதினோரு இரவு வேலை போச்சு. அன்று மூச்சை அடக்கி, நுனியில் நாலைந்து மயிர் மட்டும் விட்ட தூரிகையால் இரண்டு புள்ளி வைத்தான். அதுவரை உலோகமாக இருந்தவள் அறைக்குள் எதையோ பார்க்கத் தொடங்கினாள்.

நாங்கள் ஆடுவது ஸ்டார்கிரேவ். ஜோசப் மெக்கல்லோ எழுதி 2021இல் வந்த விதிநூல். விண்வெளியில் பெரும்போர் ஒன்று முடிந்து, சிதிலங்களில் மிச்சம் தேடும் கூட்டங்களின் கதை. ஆளுக்கு ஒரு கேப்டன், அவருக்கு அடுத்த நிலையில் ஒருவர், எட்டு வீரர்கள், அவ்வளவுதான். 1987இல் தொடங்கிய வார்ஹாம்மர் 40,000 போன்ற ஆட்டங்களுக்குப் படையே திரட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டார்கிரேவில் எந்த நிறுவனத்துப் பொம்மையையும் வைத்து ஆடலாம். விண்வெளிப் படையெடுப்பைக் கதையாக எழுதிய எச்.ஜி.வெல்ஸேதான் 1913இல் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கும் ஒரு விதிநூல் எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டால், கதையும் ஆட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்.

மூன்றடிக்கு மூன்றடி மேசை. காலையில் வாங்கிய அலுமினியத் துண்டுக்குத் துரு நிறம் ஏறிவிட்டது. மாத்திரை அட்டைகள் எரிபொருள் தொட்டிகள். ஷாம்பு மூடி ஒரு கண்காணிப்புக் கோபுரம். அதன்மேல் அவளை ஏற்றினான். இருபது முகப் பகடை. சுடுகிறவரும் குறியாகிறவரும் ஆளுக்கொன்று உருட்டி, திறமையையும் மறைவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சதுரங்கத்தில் காய் வெட்டுப்பட்டால் பெட்டிக்குள் போய்விடும், அடுத்த ஆட்டத்தில் புதிதாக நிற்கும். இங்கே அப்படியில்லை. விழுந்தவருக்கு ஆட்டம் முடிந்தபின் இன்னொரு முறை பகடை உருளும். பிழைத்தாரா, ஊனமானாரா, செத்தாரா என்று அது சொல்லும். நண்பனிடம் ஒரு பள்ளி நோட்டு இருக்கிறது. அதில் பேர் பேராக எழுதி வைத்திருக்கிறான். சில பேர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.

என் ஆள் ஒருவன் பெட்டகத்தைத் திறந்து சரக்கோடு மேசை ஓரத்துக்கு ஓடினான். கோபுரத்திலிருந்து அவள் சுட்டாள், தவறியது. திருப்பிச் சுட்டேன். எனக்கு 19, நண்பனுக்கு 4. அவன் கை நீட்டி அவளைப் படுக்க வைக்குமுன் கோபுரம் ஆடி, அவள் மேசையில் விழுந்தாள். சின்ன ஓசைதான். இருவரும் பேசவில்லை.

சரக்கோடு நான் தப்பித்தேன், ஆட்டம் எனக்கு. கணக்கெல்லாம் முடிந்தபின் பகடையை என் பக்கம் நகர்த்தினான். “நீயே உருட்டு மச்சான்.” சிறிய எண் விழுந்தால் சாவு. 14 விழுந்தது. அவள் பிழைத்தாள்.

அவன் நோட்டைத் திறக்கவில்லை. அவளை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கு நுனியில் வர்ணம் தெறித்து, ஊசிமுனை அளவு ஈயம் மினுங்கியது. தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. தூரிகையை நனைத்துக்கொண்டு, “விளக்கைக் கொஞ்சம் இறக்கிப் பிடி” என்றான்.