ஏழும் அழுதுச்சு

போன மாதம் தங்கை மகள் இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு மேற்படிப்பு படிக்கிறாள். வந்தவள் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து மறுபடியும் தூங்கினாள். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மெல்லச் சொன்னாள்: "பெரியம்மா, பேஷண்ட் கத்தினா இப்போல்லாம் பாவமாவே இல்லை. எரிச்சல்தான் வருது. நான் கெட்டவளாயிட்டேனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

இதற்கு இப்போது 'பர்ன் அவுட்' என்று பெயர். உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, வேலையின் மேல் வெறுப்பு, 'என்னால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம்: இந்த மூன்றும் சேர்ந்தது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கம் சொன்னது. நோய் அல்ல, வேலையால் வருகிற நிலை என்றும் சொன்னது. எங்கள் காலத்தில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. 'அந்த சிஸ்டர் சிடுமூஞ்சி' என்பார்கள், அவ்வளவுதான்.

அப்போது நான் ஒரு அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி முழுக்க நான் ஒருத்தி, துணைக்கு ஒரு ஆயா. வலி எடுத்தவர்களைப் பார்க்கணும், டிரிப் ஓடுகிறதா என்று கவனிக்கணும், பிள்ளையைத் துடைத்து எடை போடணும், தாய்க்கு உதிரப்போக்கு அதிகமாகிறதா என்று பார்க்கணும், நடுவில் ரிஜிஸ்டரும் எழுதணும். காலையில் வீட்டுக்குப் போனால் என் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் காத்திருக்கும்.

ஒரு ராத்திரி, தலைப்பிரசவத்துக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் அவள் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஆயா ஒன்றும் பேசவில்லை. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடியற்காலை டியூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதேன். ஆயா டீ வாங்கி வந்து வைத்தார். "ராத்திரி ஏழு புள்ள பொறந்துச்சு சிஸ்டர். ஏழும் அழுதுச்சு. அத நெனச்சுக்கிட்டுப் போய்ப் படுங்க" என்றார்.

பிறந்த பிள்ளை அழாவிட்டால் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அன்றைக்கு எனக்கு ஏழு பிரசவமும் ஏழு வேலை. அவருக்கு ஏழு உயிர்.

கிளம்பும் முன் அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கிப் பிள்ளையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து ஒரு பழைய டைரியில் தினமும் மூன்று வரி எழுதினேன். 'ஐந்தும் அழுதது.' 'கூப்பிட்டதும் டாக்டரம்மா தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தார்.' 'ஆயா எனக்கு இட்லி எடுத்து வைத்திருந்தார்.' பிள்ளை பிழைக்காத நாட்களில் பேனா ஓடாது. அன்றைக்குத் தேதி மட்டும் இருக்கும். ஒரே நாளில் நான் மாறிவிடவில்லை. ஆனால் சில மாதங்களில் பேஷண்டின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நன்றி உணர்வு ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகாது. ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். எட்டு மாதம் நடந்த பிறகுதான் கிடைத்தது. நன்றி சொல்கிற வாய் நியாயமும் கேட்கலாம்.

அதனால் தங்கை மகளிடம் 'நன்றியோடு இரு' என்று உபதேசம் செய்யவில்லை. முதலில் தூங்கு, யூனிட் சீஃபிடம் சொல், தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பார், அதில் வெட்கம் எதற்கு என்றேன். பிறகு டைரியை எடுத்துக் காட்டினேன்.

பக்கத்துக்குப் பக்கம் ஆயாதான். எழுதினேனே தவிர அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ரிடையர் ஆன பிறகு அவர் வீட்டைத் தேடிப் போய்ப் படித்துக் காட்டினேன். "நானா சொன்னேன்? ஞாபகமே இல்லையே சிஸ்டர்" என்று சிரித்தார்.

போன வாரம் தங்கை மகளிடமிருந்து போன். குரலில் களைப்பு இருந்தது, ஆனாலும் பேசினாள்.

"பெரியம்மா, நேத்து நாலு. மூணு உடனே அழுதுச்சு. நாலாவது கொஞ்சம் லேட்டு."