மாதவரம் வெயிலுக்கு எந்த ப்ராசசர்?

மக்களே, நம்ம செட்ல யாராவது புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன்னு வாயைத் தொறந்தா போதும், மூணு கட்சி உருவாயிடும். இன்டெல் கட்சி, ஏஎம்டி கட்சி, அப்புறம் "பேசாம லேப்டாப் வாங்கிட்டுப் போடா" கட்சி. இந்தத் தடவை பலியாடு நான். ரெண்டு வருஷமா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில இருக்கு. கேம் ஆடணும், ஓவர்கிளாக் பண்ணணும். எந்த ப்ராசசர் வாங்கறது? ரெண்டு வாரம் மண்டையை உடைச்சதுல கிடைச்ச பதில் கொஞ்சம் விவகாரமானது. பொறுமையா படிங்க.

முதல்ல, தெரியாதவங்களுக்காக. ப்ராசசருக்கு இவ்வளவுதான் வேகம்னு கம்பெனி ஒரு கணக்கு வெச்சு அனுப்பும். அதுக்கு மேல நாமளா விரட்டி ஓட்டறதுதான் ஓவர்கிளாக்கிங். இது ஆரம்பத்துல காசில்லாதவன் வித்தை. 1998ல வந்த செலரான் 300ஏ சிப்போட வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டுல பஸ் வேகத்தை 66ல இருந்து 100 ஆக்கினா பல சிப்புகள் 450ல ஓடும். அன்னிக்கு உச்சத்துல இருந்த பென்டியம் 2 450 விலை இதைவிடப் பல மடங்கு. 2000 வாக்குல ஏஎம்டியோட ஆத்லான், ட்யூரான் சிப்புகள்ல வெட்டி விட்டிருந்த சின்னச் சின்ன இணைப்புகளைப் பென்சிலால கோடு போட்டுச் சேர்த்து, மல்டிப்ளையர் பூட்டைத் திறந்தாங்க. ஆமாங்க, சாதா பென்சில்!

இன்னிக்கு எல்லாம் தலைகீழ். இன்டெல்ல மல்டிப்ளையரை ஏத்தணும்னா பேர்ல 'கே' போட்ட சிப் வேணும், அதுக்கு இசட் வரிசை மதர்போர்டு வேணும், சூட்டை இறக்கப் பெரிய கூலர் வேணும். எல்லாமே கூடுதல் காசு. இவ்வளவும் செலவழிச்சா என்ன மிச்சம்? கம்பெனிக்காரங்களே சிப்பை விளிம்பு வரைக்கும் ஓட்டித்தான் விக்கறாங்க. 2024ல வந்த 14900கேஎஸ் பெட்டியில இருந்து எடுத்த உடனே 6.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். கரும்பை அவங்க பிழிஞ்சாச்சு, நமக்குக் கிடைக்கறது சக்கை. அதே 2024ல, 13, 14ஆம் தலைமுறை சிப்புகள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு வாங்கி நிலை தடுமாறுதுன்னு இன்டெல்லே ஒத்துக்கிட்டு, வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சுது.

இதுல ஒரு சின்ன பிசிக்ஸ் இருக்கு. சிப் தின்னற மின்சாரம் வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். 10 சதவீதம் வேகம் கூட்ட 10 சதவீதம் வோல்டேஜும் கூட்டினா, 1.1 × 1.1 × 1.1. அதாவது 33 சதவீதம் அதிக மின்சாரம். அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும்.

எங்க வரும்? என் ரூமுக்குள்ள. என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. மே மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கும் தெர்மாமீட்டர் 35 காட்டும். யூட்யூப்ல விமர்சனம் பண்றவங்க உக்காந்திருக்கற ரூம் 22 டிகிரி. காத்தாலயோ தண்ணியாலயோ ஆறவைக்கற எந்தக் கூலரும் சிப்பை ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது. அவங்ககிட்ட 82 காட்டற அதே செட்டிங் என்கிட்ட 95 காட்டும். ரைசன் 7000 வரிசை சிப்புகளுக்குப் பொதுவா 95தான் எல்லை. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நாம காசு கொடுத்து ஏத்தின வேகத்தை வெயில் இலவசமா இறக்கிடும். பத்தாததுக்கு எங்க ஏரியா கன்டெய்னர் லாரி கிளப்பற புழுதி. ரெண்டே மாசத்துல ஃபேன் இறக்கையில ஒரு படலம் ஒட்டிக்கும்.

சரி, ஏசி போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் மேட்டர் இருக்கு. எங்க வீட்ல ஏசி ஒண்ணுதான். அப்பாவுக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில வந்து, அந்த ஏசி ரூம்லதான் பகல்ல தூங்குவார். அம்மா தினசரி காலண்டர் தாளோட பின்பக்கம் மீட்டர் ரீடிங் குறிச்சு வெச்சு, ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட்ல எப்படியோ நிறுத்திடுவாங்க. ஏன் 480? 500ங்கறது லட்சுமணன் கோடு. 2022 செப்டம்பர்ல வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்குங்க (2024லயும் ஏறுச்சு). முதல் 100 யூனிட் இலவசம். 480 யூனிட்னா 1605 ரூபாய். ஆனா 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும், 101ல இருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கு 2.25க்குப் பதிலா 4.50 போட்டுடுவாங்க. 500க்கு மேல போறதுக்கு 8 ரூபாய்.

இப்போ என் கணக்கு. ஐ7-14700கே முழு மூச்சுல 253 வாட் வரைக்கும் இழுக்கும். ரைசன் 5 7600 சுமார் 88 வாட். கேம்ல ரெண்டுமே இதைவிடக் கம்மிதான். ஓவர்கிளாக்கும் சேர்த்து வித்தியாசம் 100 வாட்னு வெச்சுக்குவோம். நானும் தம்பியும் மாறி மாறி தினம் 5 மணி நேரம் ஆடினா, 60 நாளைக்கு 30 யூனிட். 480 இப்போ 510. பில் 2030 ரூபாய். முப்பது யூனிட்டுக்கு 425 ரூபாய் அதிகம்! அந்த மாதிரி ஒரு பில் வந்தா வீட்ல முதல்ல எது நிக்கும்? கம்ப்யூட்டர் இல்ல, "பசங்க படிக்குது"ன்னு அதைத் தொட மாட்டாங்க. பகல் ஏசிதான் நிக்கும். என் கேம்ல 8 ஃப்ரேம் கூடறதுக்கு அப்பாவோட தூக்கம் போகும். இது எந்த விமர்சன வீடியோவுலயும் வராத பெஞ்ச்மார்க்.

இன்னொண்ணு. கிரிட்ல கரண்ட் எல்லா இடத்துல இருந்தும் கலந்துதான் வருது. ஆனா வடசென்னைக்காரனுக்கு கரண்ட் எங்கயோ தூரத்துல உண்டாகற பொருள் இல்ல. எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல மூடினாங்க. அத்திப்பட்டு வடசென்னை நிலையத்துல 2024 மார்ச்சுல 800 மெகாவாட் மூணாவது கட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்து மீன்பிடி கெட்டுப்போன கதை நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். வீணா எரியற ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு சாம்பல் உண்டு.

ஆக, என் முடிவு ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு. ஓவர்கிளாக் ஆசை? அது போகல, திசை மாறியிருக்கு. கர்வ் ஆப்டிமைசர்னு ஒரு செட்டிங் இருக்கு. அதுல வோல்டேஜைப் படிப்படியா இறக்கி, ஒவ்வொரு படிக்கும் சோதனை ஓட்டி, எங்க தடுமாறுதோ அதுக்கு ஒரு படி முன்னாடி நிறுத்தணும். சூடு குறையற அளவுக்கு சிப் தன் வேகத்தை நிம்மதியா பிடிச்சுக்கிட்டு ஓடும். அதே பொறுமை, அதே த்ரில், பில் மட்டும் கம்மி. மிச்சமாகற காசு கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பெரும்பாலான கேம்ல ஃப்ரேமைத் தீர்மானிக்கறது அதுதான்.

"வேலரண்ட் மாதிரி கேம் ப்ராசசரைத்தானே நம்பியிருக்கு?"னு தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. ஆனா எங்க மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். அதுக்கு 7600 தாராளம். பின்னாடி இன்னும் வேணும்னா, அதே சாக்கெட்ல 7800எக்ஸ்3டி உக்காரும். 2023ல அது கேம்ல பெரிய பெரிய வாட் பூதங்களையெல்லாம் முந்தினது மெகாஹெர்ட்ஸால இல்ல, 96 எம்பி எல்3 கேஷால. அந்தச் சிப்போட மல்டிப்ளையர் பூட்டியே இருக்குங்கறது வேடிக்கை.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க ரூம் எத்தனை டிகிரி? போன தடவை ஈபி பில்லுல எத்தனை யூனிட்? கடைக்காரர் இந்த ரெண்டையும் கேக்க மாட்டார். நாமதான் கேட்டுக்கணும்.