தில்லைக்கு இரண்டு சைக்கிள்கள்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில் உண்டு. அடிக்கடி பஸ்ஸும் உண்டு. காசைக் கொடுத்து உட்கார்ந்தால் கொண்டுபோய் இறக்கிவிட்டு விடுவார்கள். இவ்வளவு சௌகரியம் இருக்கையில், நாற்பது வயதைத் தாண்டிய தம்பதிகள் அந்தத் தூரத்தைச் சைக்கிள் மிதித்துக் கடக்க வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டில் கேட்டார்கள், தெருவிலும் கேட்டார்கள். பால்காரர் மட்டும் கேட்கவில்லை. அவர் தினந்தோறும் சைக்கிளில் வருகிறவர். அதில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

நாங்கள் என்றால் இருவர். எமக்குக் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் கற்பிக்கும் வேலை. எம் கணவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் விடுதிக்கும் வகுப்புக்கும் சைக்கிளிலேயே போய் வருவது எம் வழக்கம். பட்டம் கிடைத்தது; கல்யாணம் நடந்தது; சைக்கிள் பிறந்த வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கிவிட்டது. யாரும் "ஏறாதே" என்று தடுக்கவில்லை. "இனிமேல் எதற்கு?" என்றார்கள். தடை என்றால் எதிர்த்து நிற்கலாம். "எதற்கு?" என்ற கேள்வியை எதிர்த்து எப்படி நிற்பது? இருபது வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன.

சென்ற வருஷம் ஒரு நாள் மாலை எம் கணவர் ஒரு புதுச் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தம்முடைய பழைய சைக்கிளையும் எண்ணெய் போட்டுத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தார். "தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய் வரலாமா?" என்றார். அதுதான் ஆரம்பம். ஆறு மாதம் விடியற்காலைகளில் பழகிய பிறகு, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் புறப்பட்டோம்.

கணவனும் மனைவியுமாகச் சைக்கிளில் தேசம் சுற்றுவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. 1897-ஆம் வருஷத்தின் இறுதியிலேயே ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்க மாதும், அவருடைய கணவரான டாக்டர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் இரண்டு சைக்கிள்களோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை சென்றார்கள். சில நாட்களில் டயரில் நாற்பது இடங்களில் ஒட்டுப்போட வேண்டியிருந்ததாம். இரவில் ரயில்வே ஸ்டேஷன் அறைகளில் படுத்து உறங்கினார்கள். தங்கள் பிரயாணங்களைப் பற்றி 1904-இல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே பதினாலாயிரம் மைல் என்ற கணக்கு இருக்கிறது. சைக்கிளை விட்டுப் பின்னர் மலையேறத் தொடங்கிய அந்த மாது, 1912-இல் காரகோரம் மலையில் சுமார் 21,000 அடி உயரத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். பல இடங்களில் அவர் முன்னால் நிற்க, கணவர் பக்கத்தில் நின்றார். புத்தகத்தில் இருவர் பெயரும் இருக்கின்றன.

நாங்கள் காலை ஐந்தரை மணிக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். எம் சைக்கிளில் தண்ணீரும் புளிச்சோறும். அவர் சைக்கிளில் காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் சாமான்கள், மாற்றுத் துணி. கெடிலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு இடப்பக்கம், கடலோரத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் தங்களுக்கே என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்லுகின்றன. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், ராபர்ட் கிளைவ் தப்பி வந்து புகுந்ததும் இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து அரண்களை இடித்தார். பீரங்கி எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் மண்ணைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் போய்விட்டார்கள். காலால் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்கப் புறப்பட்ட எங்களுக்கு அந்த எண்ணம் சற்று உற்சாகம் தந்தது.

முதுநகர் வந்ததும் அஞ்சலை அம்மாளை நினைக்காமல் கடக்க முடியாது. 1890-இல் இந்த ஊரில் பிறந்தவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தவர். 1927-இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்துக்குத் தம் சிறு பெண் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்று சிறை புகுந்தார். பின்னர் அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்தவர் காந்தி மகான். அஞ்சலை அம்மாள் 1937-இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவற்றையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய கணவர் முருகப்பாவைப் பற்றி அரை வரிதான் சொல்லுகிறோம். மனைவியோடு தாமும் போராட்டத்தில் இறங்கியவர் அவர். ஊர்வலத்தின் முன்னால் ஒரு பெண் போகிற காலத்தில், அவளுடைய வீட்டில் "எதற்கு?" என்று கேட்காத ஒருவர் இருந்தார் என்பதும் சரித்திரந்தான்.

இதே கடலூர்ச் சிறையில் 1918 நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை பாரதியார் இருந்தார். விடுதலையானதும் அவர் போய்ச் சேர்ந்த இடம், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையம். பாரதியாரோடு புதுச்சேரியில் வறுமையையும் போலீஸ் காவலையும் தாங்கிய அந்த அம்மாளின் பிரயாணத்துக்கு மைல் கணக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

முதுநகருக்குத் தெற்கே இரசாயன ஆலைகள் நிறைந்த பகுதியைக் கடந்தால் ஆலப்பாக்கம், அப்புறம் புதுச்சத்திரம். சவுக்குத் தோப்புகளும் வயல்களும் மாறி மாறி வருகின்றன. ரயில் பாதை சிறிது தூரம் கூடவே வந்து, பிறகு கோபித்துக்கொண்டாற்போல் விலகிப் போகிறது. சாலை அகலமானது. அதில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் மோட்டாருக்கும் இடம் இருக்கிறது. சைக்கிளுக்கு உள்ள இடம் வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் எங்களோடு பிரயாணம் செய்தவர்கள் யார் என்று பார்த்தோம். கூடையில் மீன் வைத்திருந்த ஒரு பெரியவர், மண்வெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்ட கூலியாட்கள், தனி வகுப்புக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள். சைக்கிள் ஏழையின் வாகனம், சிறுவர்களின் வாகனம். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியையும் நாங்கள் காணவில்லை.

காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது கடற்பக்கத்திலிருந்து, சாய்வாக வீசிற்று. முதலில் எம் கணவர் முன்னால் போனார். அவர் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில் எமக்கு மூச்சு வாங்கிற்று. பிறகு பின்னால் வந்தார். அப்போது அவர் பொறுமையோடு வருகிறார் என்ற எண்ணமே பாரமாக இருந்தது. மூன்றாவதாக, லாரி வராத இடங்களில், கடற்பக்கமாக எம்மோடு சேர்ந்தே மிதித்தார். காற்றின் பாதியை அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. எவ்வளவு சுலபமாகிவிட்டது! துணைக்கு வருவதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. இழுப்பதும் இல்லை, காவல் காப்பதும் இல்லை; காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கம் வருவது.

புதுச்சத்திரத்துக்கு அருகில் பின் டயரில் முள் ஏறிற்று. சாலையோரத்துச் சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டுப்போட்டார். பிறகு எம்மை ஒரு முறை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சீட்டு தாழ்ந்திருக்கிறது அம்மா, அதுதான் முட்டி வலிக்கும்" என்று ஓர் அங்குலம் உயர்த்தி முடுக்கினார். கால் நன்றாக நீண்டு மிதித்ததும் வலி குறைந்துவிட்டது.

பு.முட்லூரில் இடப்பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் போரிட்ட இடம். ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்த இந்த ஊரில், 1830-ஐ ஒட்டி ஜோசையா ஹீத் என்பவர் இரும்பாலை வைத்தார். சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டுவந்து கரி போட்டு உருக்கினார்கள். நம் மண்ணின் இரும்பு அன்று கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. பின்னால் அங்கிருந்து சைக்கிள் கப்பலேறி நமக்கு வந்தது. சுதந்தரத்துக்குப் பிறகு, 1949-இல், அம்பத்தூருக்கு ஒரு சைக்கிள் தொழிற்சாலை வந்தது. எங்கள் இரண்டு வண்டிகளும் நாட்டில் செய்தவை.

முட்லூர்ச் சந்திப்பில் தேநீர் குடிக்க நின்றோம். கடைக்காரர் எம் கணவரைப் பார்த்து, "ஏன் ஐயா, அம்மாவை இப்படிக் கஷ்டப்படுத்தலாமா? பஸ்தான் இருக்கிறதே!" என்றார். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "என்னைக் கேட்டால்? அவங்கதான் என்னை அழைத்துக்கொண்டு வந்தாங்க" என்றார். கடைக்காரர் எம் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கேள்வியில்லை. இரண்டாவது தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சில மைல் போனதும் கோபுரம் தெரிந்தது. சுமார் 45 கிலோமீட்டரை, நின்று நின்று, ஐந்து மணி நேரத்தில் கடந்திருந்தோம். சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை ஒரு மரத்தின் பெயர். அந்த மரம் இப்போது கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக் காட்டில் வளர்கிறது. மாலையில் கோயிலுக்குப் போனோம். நடராஜரும் கோவிந்தராஜரும் ஒரே கோயிலுக்குள் பக்கம் பக்கமாக இருக்க, ஒரே இடத்தில் நின்று இருவரையும் சேவிக்கலாம். கோபுர வாயிற்சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களையும் கல்லில் காட்டியிருக்கிறார்கள்.

ஊரின் வடவெல்லையில் தில்லைக் காளி கோயில் இருக்கிறது. இறைவனோடு ஆட்டத்தில் போட்டியிட்டுத் தோற்ற தேவி ஊர் எல்லைக்குப் போனாள் என்பது புராணம். பக்கத்தில் நின்று ஆட்டத்தைக் கண்ட சிவகாமி சந்நிதியில் இருக்கிறாள். சிறு வயதில் கேட்டபோது இந்தக் கதை எமக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்று மாலை, மிதித்து ஓய்ந்த கால்களோடு பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஆடினால் எல்லைக்கு, பார்த்தால் சந்நிதிக்கு. பெண்ணுக்கு மூன்றாவது இடம் ஒன்று இல்லையா?" என்று கேட்டோம். எம் கணவர் சிறிது நேரம் யோசித்தார். "அர்த்தநாரீசுவரர் இருக்கிறாரே" என்றார். கணக்கர் அல்லவா? பாதிக்குப் பாதி என்றால் அவருக்குச் சரியாக வந்துவிடும்.

இரவு ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் புவனகிரி, மருதூர் வழியாகத் திரும்பினோம். மருதூர் 1823-இல் வள்ளலார் பிறந்த ஊர். இப்போது காற்று எதிர்முகம். வடலூரில் 1867-இல் வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார் எவர் என்று கேளாமல் இலை போடுகிறார்கள். எதிர்காற்றில் மிதித்து வந்தவர்களுக்கு அந்தச் சோற்றின் ருசி தனியானது. குறிஞ்சிப்பாடி வழியாக, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். இரண்டு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளியில் எம் கண் முன்னால் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். நம் ராஜ்யத்தில் 2001-2002 முதல் மேல்நிலை வகுப்பு ஆதி திராவிட, பழங்குடி மாணவியருக்கும், பின்னர் மற்றப் பிள்ளைகளுக்கும் சர்க்கார் இலவசச் சைக்கிள் கொடுத்து வருகிறது. அந்தச் சைக்கிள்தான் எத்தனையோ பெண்களைப் பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் இழுத்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் அது தம்பிக்குப் போகிறது. கல்யாணமானால் கேட்கவே வேண்டாம். புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் நகரச் சாலைகளில் சைக்கிளில் திரண்டு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல், ஆண்களிடம் "கொண்டுபோய் விடுகிறாயா?" என்று கெஞ்சாமல், தண்ணீருக்கும் வேலைக்கும் தாங்களே போனார்கள். அது நடந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எங்கள் சாலையின் ஒரு முழ ஓரத்தில் அவர்கள் வயதுப் பெண் ஒருத்தியாவது இருந்திருக்க வேண்டாமா?

சாலை போடுகிறவர்கள் அந்த ஒரு முழத்தை இரண்டு முழமாக்க வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் அந்தப் பழைய கேள்வியை விட்டுவிட வேண்டும். இரண்டில் எது கடினம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

திங்கட்கிழமை வகுப்பில் பிரயாணத்தைப் பற்றிச் சொன்னோம். கோட்டையையும் கோபுரத்தையும் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், சார் நிஜமாகவே சைக்கிளிலேயே கூட வந்தாரா?" என்று கேட்டாள். வகுப்பு முழுதும் பதிலுக்குக் காத்திருந்தது.