துருவைத் தட்டும் ஓசை



இந்த வாரம் ஒரு பழைய கப்பலைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். நம் பகுதியில் வாழ்கிறவர்களுக்குக் கப்பல் அந்நியமான பொருளன்று. காட்டுப்பள்ளித் துறைமுகமும் காமராசர் துறைமுகமும் நம் திருவள்ளூர் மாவட்டக் கரையிலேயே இருக்கின்றன. சிப்காட்டிலிருந்து புறப்படும் கன்டெய்னர் லாரிகளுக்காக வழிவிட்டு நின்ற நாட்கள் நம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது சரக்குக் கப்பலைப் பற்றியன்று. மனிதர்கள் இளைப்பாறுவதற்காக ஏறிச்செல்லும் உல்லாசக் கப்பலைப் பற்றியது.

நம் சபையின் மூப்பர் ஒருவரும் அவருடைய மனைவியும் சில மாதங்களுக்கு முன் சிங்கப்பூரிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைந்ததற்காக, மகன் அவர்களை நான்கு நாள் கப்பல் பயணத்துக்கு அழைத்துச்சென்றான். கப்பலின் பெயர் இங்கே நமக்குத் தேவையில்லை. அது வயதான கப்பல். சீட்டு வாங்குவதற்கு முன், அதில் பயணம் செய்தவர்கள் எழுதிய கருத்துகளை மகன் தகப்பனுக்கு வாசித்துக் காட்டினானாம். ஒருவர், கம்பளம் நைந்துபோய் அறையெல்லாம் ஈர வாடை வீசுகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பணியாளர்களின் அன்பையும் உணவையும் புகழ்ந்து, இதைவிட நல்ல கப்பல் இல்லை என்று எழுதியிருந்தார். மூன்றாமவர், அதிகாலையில் எங்கிருந்தோ கேட்ட சுத்தியல் சத்தத்தால் தூக்கமே போயிற்று, பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கோபப்பட்டிருந்தார்.

மூப்பர் ஊர் திரும்பிய மறுவாரம், ஒரு மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். பயணத்தைப் பற்றி விசாரிக்கச் சென்றேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதி உண்மையைப் பிறகு சொல்கிறேன்.

தேநீர் வந்தது. "கப்பல் எப்படியிருந்தது ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். கும்மிடிப்பூண்டியின் உருக்காலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக உழைத்தவர் அவர். இரும்பைப் பற்றிக் கேட்டால் நிதானமாகத்தான் பதில் சொல்வார்.

"கம்பளம் பழசுதான் ஐயா. குழாயும் ஒழுகிற்று. ஆனால் அந்தச் சுத்தியல் சத்தம் என்னவென்று பார்க்க விடியற்காலையில் மேல்தளத்துக்குப் போனேன். இரண்டு பையன்கள் உட்கார்ந்து துருவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு சிவப்பு பிரைமர் அடித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. கீழே வந்து நிம்மதியாகத் தூங்கினேன்."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"கடல்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்காது ஐயா. துரு வருவது குற்றமில்லை. துருவைத் தட்டாமல் அதன்மேல் பெயின்ட் அடிப்பதுதான் குற்றம். எங்கள் வேலையிலும் பார்த்திருக்கிறேன். மேலே பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். சத்தம் வருகிற கப்பலை நம்பலாம்."

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. ஏனென்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன் நம் ஆலயத்துக்கு வண்ணம் பூசினோம். நீங்கள் எல்லாரும் மகிழ்ந்தீர்கள், புகைப்படங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குக் கட்டட நிதி போதவில்லை. ஆகவே ஏழையர் நிதியிலிருந்து 80,000 ரூபாயை எடுத்தோம். பண்டிகைக் காணிக்கையில் திருப்பி வைத்துவிடலாம் என்று சொன்னவன் நான். காணிக்கை வந்தது, வேறு செலவுகளும் வந்தன. பணம் திரும்பவில்லை. ஒவ்வொரு மாதமும் கமிட்டியில் ஒரே ஒருவர் மட்டும், "ஏழையர் நிதி என்ன ஆயிற்று ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்தான் இந்த மூப்பர். முதலிரண்டு மாதங்கள் பதில் சொன்னேன். பிறகு பேச்சை மாற்றினேன். பிறகு எரிச்சலடைந்தேன். அன்று மாலை நான் அவர் வீட்டுக்குச் சென்றது, அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியைத் தயவுசெய்து எழுப்பாதிருங்கள், சபையின் சமாதானம் கெடுகிறது என்று சொல்வதற்காகவே. அதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்ற மீதி உண்மை.

அவர் என்னைக் குத்திக்காட்டப் பேசவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்டேன். கப்பலைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் நான் கேட்கவந்ததைக் கேட்காமலே ஜெபித்துவிட்டு எழுந்துவந்தேன்.

அன்றிரவு எனக்கு இன்னொரு கப்பல் நினைவுக்கு வந்தது. உங்களில் சிலர் அதன் பெயரை அறிந்திருப்பீர்கள்: டூலோஸ். டைட்டானிக் மூழ்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 1914-இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அது மெதினா என்னும் பெயரில் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1948-இல் கைமாறி, ரோமா என்னும் பெயரோடு பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1952-இல் இத்தாலியின் கோஸ்டா நிறுவனத்திடம் வந்து, பழைய நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டு, ஃபிராங்கா சி என்னும் உல்லாசக் கப்பலாயிற்று. 1977-இல் ஒரு கிறிஸ்தவ அமைப்பு அதை வாங்கி, கிரேக்க மொழியில் அடிமை, ஊழியன் என்று பொருள்படும் டூலோஸ் என்னும் பெயரை இட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஊதியம் வாங்காத ஊழியர்களைச் சுமந்துகொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் புத்தகங்களோடு சென்றது. கடலில் இயங்கிக்கொண்டிருந்த பயணிகள் கப்பல்களிலேயே மிகப் பழையது என்ற பெயரும் பெற்றது.

தொண்ணூற்றைந்து ஆண்டுகள் ஒரு கப்பல் எப்படி ஓடிற்று? மக்கள் அதைப் புகழ்ந்ததால் அன்று. இரும்புத் தகடுகளைத் தட்டிப்பார்த்து, மெலிந்தவற்றை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பற்றவைத்தபடியால்தான் ஓடிற்று. பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு நடக்கும். அந்த இடைவெளியில் இருமுறையாவது கப்பலின் அடிப்பாகம் சோதிக்கப்படும். அப்போது ஆய்வாளர் கம்பளத்தைப் பார்ப்பதில்லை; மீயொலிக் கருவியைத் தகட்டின்மேல் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் இரும்பு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கச் செய்கிறார். 2009-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் நடந்த ஆய்வில், டூலோஸைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு மிகுந்த செலவில் பழுதுபார்க்கவேண்டும் என்று தெரியவந்தது. அதை உயிராக நேசித்தவர்கள் கண்ணீரோடு இறங்கினார்கள். எங்கள் அன்பு இருக்கிறதே, இன்னும் ஓட்டலாம் என்று அவர்கள் வாதாடவில்லை. அன்பு இரும்பைத் தடிப்பாக்காது என்று அறிந்திருந்தார்கள். இன்று அது இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் கரையேற்றப்பட்டு விடுதியாக நிற்கிறது.

நம் பெரியவர்கள் சிலருக்கு ரஜூலா என்ற பெயர் நினைவிருக்கும். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களைச் சுமந்தது. 1973 வரை, ஏறக்குறைய நாற்பத்தேழு ஆண்டுகள், அந்தத் தடத்திலேயே உழைத்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச்சென்ற ஏழைகளுக்கு அதன் கம்பளத்தைப் பற்றிய கவலை இருந்திருக்காது. கரை சேர்க்குமா என்பதே அவர்களுடைய கேள்வி.

நம் காட்டுப்பள்ளியிலும் இந்த வேலை நடக்கிறது. அங்குள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்னும் கப்பல் பழுதுபார்ப்புக்காக வந்தது. வல்லரசின் கப்பலுக்கும் பழுது உண்டு. அதைச் சரிசெய்ய அது அயலார் கரையில் வந்து நிற்கவும் வேண்டியதாயிற்று. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வேதத்திலும் பயணிகளின் கருத்தை நம்பிய ஒரு கப்பல் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். பயணம் ஆபத்தானது என்று கைதியாகிய பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அந்தத் துறைமுகம் குளிர்காலத்துக்கு வசதியானதல்ல என்பதால், புறப்படவேண்டும் என்றே பெரும்பாலோர் கருதினார்கள். தென்றல் மெதுவாக வீசியதும் தங்கள் எண்ணம் பலித்தது என்று நினைத்தார்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள், காற்றும் சாதகமாயிருந்தது. ஆனாலும் கப்பல் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் பிழைத்தது தேவனுடைய இரக்கத்தால்தான்.

நம் ஆலயத்தின் புதிய வண்ணத்தைப் பாராட்டியவர்கள் பலர். காற்று சாதகமாகவே வீசிற்று. ஆனால் அதே மாதங்களில், கணவனை இழந்த சகோதரி ஒருவர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக என்னிடம் வந்தார். நிதியில் பணமில்லாததால், அடுத்த மாதம் பார்க்கலாம் அம்மா என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அவர் மூன்றாம் முறை வரவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார் என்று பிறகே அறிந்தேன். அவரிடமும் மூப்பரிடமும் அனுமதி கேட்டபின்பே இதை எழுதுகிறேன். நம் சுவரின் பளபளப்புக்கு வட்டி கட்டியவர் அந்தச் சகோதரி.

மூப்பரைச் சந்தித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்க பீடத்திலிருந்து அந்தக் கணக்கை வாசித்ததை நீங்கள் கேட்டீர்கள். என் குரல் நடுங்கியதையும் கேட்டிருப்பீர்கள். சிலர் வருத்தப்பட்டீர்கள், இதையெல்லாம் வெளியில் சொல்லவேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். கமிட்டியினரும் நானும் பொறுப்பேற்றுக்கொண்டோம். மூன்று மாதங்களில் முழுத் தொகையும் திரும்ப வைக்கப்பட்டது. அந்தச் சகோதரியின் கடனும் வட்டியோடு தீர்க்கப்பட்டது. ஆனால் அவர் இரண்டுமுறை வெறுங்கையோடு படியிறங்கிச் சென்றதை எந்தத் தொகையாலும் திருப்பி வைக்கமுடியாது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றார். அந்த வார்த்தை இன்னமும் எனக்குப் பாரமாகவே இருக்கிறது.

அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் சென்றபின் மூப்பர் என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "துரு தட்டின இடத்தை வெறுமனே விடக்கூடாது ஐயா. அன்றைக்கே பிரைமர் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் முன்னிலும் வேகமாகப் பிடிக்கும்" என்றார். ஆகவேதான் இப்போது ஏழையர் நிதிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. இருவர் கையெழுத்தில்லாமல் அதிலிருந்து பணம் எடுக்கமுடியாது. அந்த இருவரில் நான் ஒருவனல்லன். மாதந்தோறும் அதன் வரவுசெலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. தயவுசெய்து நின்று வாசியுங்கள்.

அருமையானவர்களே, உங்கள் வீட்டிலும் இந்தச் சுத்தியல் ஓசை கேட்கக்கூடும். செலவைப் பற்றி ஓயாமல் கேட்கும் மனைவி இருக்கலாம். நீங்கள் மறைக்கும் பழக்கத்தைச் சுட்டிக்காட்டும் மகன் இருக்கலாம். வேலைத்தளத்தில் பாதுகாப்பு விதியை நினைவூட்டி எல்லாருடைய வெறுப்பையும் சம்பாதிக்கும் தோழர் இருக்கலாம். நம் நிம்மதியைக் கெடுக்கிறார்கள் என்று அவர்களை அடக்கிவிடாதீர்கள். சங்கீதக்காரன் தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனிடமே கேட்டுக்கொண்டான். சங்கீதம் 139-இன் முடிவில் அந்த வேண்டுதல் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியை ஆண்டவர் பல வேளைகளில் நம் பக்கத்தில் இருப்பவரின் கேள்வியால்தான் செய்கிறார்.

ஜெபிப்போம்.

எங்கள் உள்ளந்திரியங்களை அறிகிற ஆண்டவரே, வெளிச்சுவரை அழகுபடுத்தி உள்ளிருக்கும் துருவை மறைத்த எங்களை மன்னியும். எங்களுக்கு உண்மையைச் சொல்கிறவர்களை நாங்கள் பகைக்காதபடி காத்துக்கொள்ளும். உம்முடைய ஏழைகளுக்குரியது எங்கள் கையில் தங்காதிருப்பதாக. எங்கள் இரட்சகராகிய இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.