இறுகினால் போதுமா?

போடிமெட்டைத் தாண்டி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளைப் பழுது பார்ப்பவர்களுக்கு டார்க் ரென்ச் தெரிந்த கருவி. சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைக் கை போன போக்கில் முறுக்கினால் கேஸ்கட் போய்விடும். இதே கருவியின் சிறிய வடிவத்துக்குத் துப்பாக்கியிலும் வேலை இருக்கிறது. அங்கே தவறினால் போவது கேஸ்கட் அல்ல.

பாலக்காட்டின் தோணி பகுதியைக் கலங்கடித்த பி.டி.7 என்ற காட்டு யானை 2023 ஜனவரி 22 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் அரிக்கொம்பன். இரண்டு முறையும் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியா தலைமையிலான குழுதான். அரிக்கொம்பனுக்கு ஒரு ஊசி போதவில்லை. மீண்டும் மீண்டும் சுட வேண்டியிருந்தது. பெரியாறு காப்பகத்தில் விட்ட யானை கம்பத்துக்குள் புகுந்தது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி மயக்கிப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஆறு வாரங்களுக்குள் இரண்டு முறை மயக்கம்.

மயக்க ஊசி, தசை திரண்ட பின்தொடை போன்ற இடத்தில் இறங்க வேண்டும். வயிற்றில் பாய்ந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம், காயமும் மிஞ்சும். இத்தகைய துப்பாக்கிகள் பலவற்றில் குறிபார்க்கத் தொலைநோக்கி பொருத்துகிறார்கள். அதைப் பிடித்து நிற்பவை இரண்டு வளையங்களும் சில திருகாணிகளும்தான். வளையங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 50 மீட்டர் தூரத்தில் குறி அரை மீட்டர் விலகும். பின்தொடை வயிறாகிவிடும்.

அப்படியானால் நன்றாக இறுக்கிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. தொலைநோக்கியின் குழல் மெல்லிய அலுமினியம். அதிகம் இறுக்கினால் நசுங்கும். உள்ளே லென்ஸ்களை நகர்த்தும் அமைப்பு சிக்கிக்கொள்ளும். வளையத் திருகாணிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு. மூன்று அங்குல எல்-கீயின் நுனியில் மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது அவ்வளவுதான். பழகிய கை இதைச் சுலபமாக மீறிவிடும். எண்ணெய் படிந்த திருகாணியோ அதே முறுக்கில் இன்னும் கடுமையாக இறுகும். அதனால்தான் துடைத்துவிட்டு, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். 'டிக்' என்றதும் நிறுத்த வேண்டும். தயாரிப்பாளர் தந்த எண்ணே இறுதி.

மலையில் இன்னொரு தொல்லை ஈரம். துப்பாக்கியின் மரக்கட்டை மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதைப் பிணைக்கும் திருகாணிகளின் பிடியும் மாறும். ஜீப் குலுக்கல் வேறு. எனவே டார்க் ரென்ச் சொன்னதோடு வேலை முடிவதில்லை. காட்டுக்குள் போகும் முன் ஒரு அட்டையில் சுட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

பி.டி.7 பிடிபட்ட பிறகு அதன் உடலில் துப்பாக்கி ரவைகள் பதிந்திருந்தது தெரியவந்தது. யார் சுட்டார்கள், எப்போது சுட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பயிரையும் உயிரையும் பறிகொடுத்தவர்களின் ஆத்திரம் புரியாததல்ல. தோணியில் 2022-ல் காலை நடைக்குப் போன ஒருவரை யானை கொன்றிருந்தது. ஆனால் ஆத்திரத்தில் சுட்ட ரவை யானையை விரட்டவில்லை. தோலுக்கடியில் தங்கி, அதை மேலும் ஆபத்தானதாக்கியிருக்கலாம். அளந்து முறுக்கிய துப்பாக்கிக்கும் ஆத்திரத்தில் தூக்கிய துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த யானை உடம்பிலேயே சுமந்தது.